அந்த டியூபை எடுத்து வாருங்கள்
பாம்பனில் முகப்பரு குறித்து நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்



வெளியூரிலிருந்து பாம்பனுக்கு வந்து மைக் பிடிக்கிறவர்கள் முதலில் பாலத்தைப் பற்றித்தான் பேசுவார்கள். 1914இல் திறந்த பழைய ரயில் பாலம், 1964 டிசம்பரில் அதைச் சிதைத்த புயல், 2025 ஏப்ரலில் திறந்த புதிய தூக்குப் பாலம் என்று இங்கே பெரிய சங்கதிகள் நிறைய உண்டு. நான் பேச வந்திருப்பது கடுகளவான ஒரு சங்கதி. முகப்பரு. இதற்கெல்லாம் ஒரு கூட்டமா என்று சிலர் கேட்டதாகச் சொன்னார்கள். கேட்டவர்கள் தங்களுடைய பதினைந்து வயதை மறந்திருக்க வேண்டும். பரு இருக்கிறதென்று பள்ளிக்கூடத்தில் குழுப்படம் எடுத்த அன்று லீவு போட்ட பிள்ளைகளை எனக்குத் தெரியும். அக்கா கல்யாணத்தில் மேடைப் பக்கமே வராமல் பந்தி பரிமாறும் இடத்தில் ஒதுங்கி நின்ற பையனைத் தெரியும். உயிரை எடுக்கிற நோய் இல்லை. ஆனால் அந்த வயதில் பிள்ளைகளை இந்த அளவுக்கு ஒடுக்கிப்போடும் நோய் வேறு அதிகம் இல்லை.

நான் இன்று பேசவேண்டும் என்று நினைத்ததற்குக் காரணம் ஒரு டியூப். அதைச் சொல்லிவிட்டு மற்றதற்கு வருகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் ஓர் அம்மா தன் மகளைக் கூட்டிக்கொண்டு என்னிடம் வந்தார். கடல்பாசி எடுக்கப் போகிறவர். பாறையில் கிழிபடாமல் இருக்க விரல்களில் துணி சுற்றிக்கொண்டு முங்குவார்கள் அல்லவா, அந்தத் துணி இறுக்கிய தடம் விரல்களில் அப்படியே இருந்தது. மகள் பதினோராம் வகுப்பு. தலையை நிமிர்த்தவே இல்லை. அம்மா சுருக்குப் பையைத் திறந்து ஒரு டியூபை எடுத்து மேசைமேல் வைத்தார். அடியிலிருந்து சுருட்டிச் சுருட்டி, கடைசிப் பொட்டு வரை பிதுக்கிய டியூப். “டாக்டரம்மா, ஆறு மாசமா இதைத்தான் போடுறா. மொதல்ல பத்து நாளுல மூஞ்சி பளிச்சுன்னு ஆயிருச்சு. இப்பப் போட்டாலும் பரு வருது, போடாட்டி எரியுதுங்குறா. இன்னும் கொஞ்சம் வீரியமா எழுதிக் குடுங்க” என்றார்.

மெடிக்கலில் போய், “பருவுக்கு ஒரு ஆயின்மெண்ட் குடுங்க” என்று கேட்டு வாங்கியது. அதைக் கொடுத்தவரும் கெட்ட எண்ணத்தில் கொடுத்திருக்க மாட்டார். ஆனால் அந்தப் பெண்ணின் முகத்தில் நான் பார்த்தது வயசுப்பிள்ளைகளுக்கு வருகிற பரு அல்ல. கன்னம் முழுவதும் ஒரே அளவில், ஒரே நாளில் முளைத்ததுபோலச் செம்பொரி. தோல் வெங்காயச் சருகுபோல மெலிந்து, உள்ளே ஓடும் மெல்லிய ரத்தக்குழாய்கள் வெளியே தெரிந்தன. மேலுதட்டிலும் தாடையிலும் பூனைமயிர் தடித்திருந்தது. பரு போட்ட வடு அல்ல இது. டியூப் போட்ட வடு.

டியூபைப் பற்றிப் பேசவேண்டுமென்றால் பருவைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும்.

தனுஷ்கோடிப் பக்கம் நீங்கள் பார்த்திருப்பீர்கள். கடலுக்கு நாலு எட்டில் மணலைக் கையாலேயே தோண்டுவார்கள். உப்புக் கடலை ஒட்டி நல்ல தண்ணீர் ஊறும். அதை மொண்டு மொண்டு குடத்தில் ஊற்றுவார்கள். ஊற்று ஓடிக்கொண்டிருக்கும்வரை தெளிவாக இருக்கும். விளிம்பு மணல் சரிந்து வாயை அடைத்துவிட்டால், அடியில் ஊறுவது மட்டும் நிற்காது. உள்ளே தேங்கும், கலங்கும். நம் முகத்தில் உள்ள ஒவ்வொரு மயிர்க்காலும் அப்படி ஓர் ஊற்று. அடியில் எண்ணெய்ச் சுரப்பி இருக்கிறது. அது சுரக்கும் எண்ணெய் மயிர்க்காலின் வழியாக மேலே வந்து தோலில் பரவ வேண்டும். தோல் காய்ந்துபோகாமல் இருப்பதற்கு உடம்பே செய்துகொண்ட ஏற்பாடு அது.

பருவ வயதில் ஆண்ட்ரஜன் என்னும் ஹார்மோன்கள் கூடுகின்றன. ஆண்பிள்ளைகளுக்கு மட்டும் என்று நினைக்காதீர்கள், பெண்பிள்ளைகளுக்கும் அவை உண்டு. அவற்றின் தூண்டுதலில் சுரப்பி பெருத்து எண்ணெய் அதிகமாகச் சுரக்கிறது. அதே சமயம் மயிர்க்காலின் உட்சுவரில் உதிர வேண்டிய செத்த செல்கள் ஒழுங்காக உதிராமல் ஒன்றோடொன்று ஒட்டி வாயை அடைக்கின்றன. சரிந்த மணல் இதுதான். வாய் முழுக்க மூடியிருந்தால் வெள்ளை முனை. வாய் திறந்திருந்தால் கருப்பு முனை. இந்தக் கருப்பை அழுக்கு என்று நினைத்து நகத்தால் நோண்டாத பிள்ளை கிடையாது. அது அழுக்கே அல்ல. தோலின் நிறமியும், அடைப்பில் காற்றுப் பட்ட பொருளும் சேர்ந்து கருத்திருக்கிறது. பால் காய்ச்சிய பாத்திரத்தைத் தேய்ப்பதுபோலத் தேய்த்தாலும் அது போகாது.

அடைபட்ட எண்ணெய்க்குள் கியூட்டிபாக்டீரியம் ஆக்னிஸ் என்ற நுண்ணுயிர் பெருகுகிறது. 2016 வரை இதற்கு வேறு பெயர். இது வெளியிலிருந்து தொற்றிய கிருமி அல்ல. இந்த அவையில் உள்ள எல்லோர் தோலிலும், என் தோலிலும் இப்போது இருக்கிறது. ஆகவே பரு இருக்கும் பிள்ளையின் துண்டைத் தொட்டால் ஒட்டிக்கொள்ளும் என்று பயப்பட வேண்டாம். காற்றுப் புகாத, எண்ணெய் தேங்கிய இடத்தில் அது பெருகும்போது உடம்பின் காவல்படை அங்கே வந்து சண்டை போடுகிறது. சிவப்பும், வீக்கமும், வலியும், சீழும் அந்தச் சண்டையின் அடையாளங்கள். சுவர் உள்ளுக்குள் உடைந்து ஆழத்தில் சண்டை நடந்தால் கட்டி. கட்டி ஆறும்போது குழி விழும். பிதுக்கும்போது நாம் சீழை வெளியே எடுக்கிறோம் என்று நினைக்கிறோம், பாதியை இன்னும் ஆழத்துக்குத் தள்ளுகிறோம். குழித் தழும்புகளில் நிறைய நம் நகம் செய்ததுதான்.

இவ்வளவும் எதற்குச் சொல்கிறேன் என்றால், வீட்டில் பிள்ளைகளைத் திட்டுகிறோமே, அதை நிறுத்துவதற்காக. “மூஞ்சியை ஒழுங்காக் கழுவுனாத்தானே” என்று தினமும் கேட்டுக் கேட்டு, ஒரு நாளைக்கு எட்டுத் தடவை சோப்புப் போட்டுத் தேய்க்கும் பிள்ளைகளைப் பார்க்கிறேன். தேய்க்கத் தேய்க்கத் தோல் புண்ணாகிறது, சிவப்பு கூடுகிறது. காலையும் மாலையும் மெதுவாகக் கழுவினால் போதும். வியர்த்துவிட்டு வந்தால் இன்னொரு தடவை. அவ்வளவுதான்.

இந்த மாவட்டத்தில் எல்லோரும் சொல்கிற இன்னொரு காரணம் உப்புத் தண்ணீர். போர் தண்ணீரில் குளிப்பதால்தான் பரு என்று உறுதியாகச் சொல்வார்கள். உப்புத் தண்ணீரில் சோப்பு நுரைக்காது, பிசுபிசுவென்று தோலில் தங்கும், தோல் வறண்டு எரியும். அதுவரை உண்மை. ஆனால் பருவை அது உண்டாக்குவதில்லை. நல்ல தண்ணீர் ஓடும் ஊர்ப் பிள்ளைகளுக்கும் பரு வருகிறது. 12 வயதிலிருந்து 24 வயதுக்குள் நூற்றுக்கு 85 பேருக்கு ஏதோ ஓர் அளவில் பரு வரும் என்பது மருத்துவ உலகம் ஏற்றுக்கொண்ட கணக்கு.

பிறகு, சூடு. நண்டு தின்றால் சூடு, கருவாடு தின்றால் சூடு, மாம்பழம் சூடு. மீன் பருவை உண்டாக்கும் என்பதற்கு உறுதியான சான்று இல்லை. கடற்கரையில் பிறந்துவிட்டுப் பிள்ளைக்கு மீனை நிறுத்துவது பாவம். சாப்பாட்டுக்கும் பருவுக்கும் உறவே இல்லையா என்றால், உண்டு. வேறு பக்கத்தில் உண்டு. 1969இல் அமெரிக்காவில் 65 பேருக்குச் சாக்லேட் கொடுத்துப் பார்த்து, பருவுக்கும் சாக்லேட்டுக்கும் சம்பந்தமில்லை என்றார்கள். ஒப்பிட்டுப் பார்க்கக் கொடுத்த போலிச் சாக்லேட்டிலும் கிட்டத்தட்ட அதே அளவு சர்க்கரையும் கொழுப்பும் இருந்தன! அதை நம்பி முப்பது வருடம், உணவுக்குத் தொடர்பில்லை என்றே எங்களைப் போன்ற மருத்துவர்களுக்குக் கற்றுக்கொடுத்தார்கள்.

2002இல் வந்த ஒரு கட்டுரையை இந்தத் தீவில் நின்று நினைக்கும்போது எனக்கு நெஞ்சில் படுகிறது. பாப்புவா நியூ கினி நாட்டில் கிட்டாவா என்று ஒரு சிறிய தீவு. வள்ளிக்கிழங்கு, பழம், தேங்காய், மீன். இவைதான் அவர்கள் சாப்பாடு. அங்கே 1200 பேரைப் பரிசோதித்தார்கள். 15 முதல் 25 வயதுக்குள் மட்டும் 300 பேர். ஒருவர் முகத்தில்கூடப் பரு இல்லை. பரம்பரையும் அதில் ஒரு காரணமாக இருக்கலாம் என்பதை மறைக்கக் கூடாது. ஆனால் அடுத்து ஆஸ்திரேலியாவில் ஓர் ஆய்வு 2007இல் வந்தது. பரு உள்ள 43 இளைஞர்களில் ஒரு பகுதியினருக்குச் சர்க்கரையை மெதுவாக ஏற்றும் உணவை 12 வாரம் கொடுத்தார்கள். அவர்களுக்குப் பரு கூடுதலாகக் குறைந்தது. இனிப்பும் மைதாவும் ரத்தத்தில் சர்க்கரையைச் சட்டென்று ஏற்றுகின்றன, அதற்காக இன்சுலின் பொங்குகிறது, அது ஆண்ட்ரஜனையும் எண்ணெய்ச் சுரப்பையும் முடுக்கிவிடுகிறது என்பது விளக்கம். நாமும் தீவுதான். நமக்கும் மீனும் தேங்காயும் உண்டு. ஆனால் பள்ளிக்கூட வாசலில் பிள்ளை வாங்குவது கலர் தண்ணீரும், சர்க்கரை தோய்த்த பன்னும். குறைக்க வேண்டியது அதை. மீனை அல்ல.

பரம்பரை என்றேன். பிரிட்டனில் இரட்டைப் பிறவிப் பெண்களை வைத்துச் செய்த ஆய்வில், பரு வருவதில் மனிதருக்கு மனிதர் உள்ள வேறுபாட்டில் 81 சதவீதம் பிறப்பு வழி என்று வந்தது. அப்பாவுக்கு முகத்தில் குழி இருந்தால், மகனுக்குப் பரு வரும்போது “வயசு வந்தா சரியாப் போயிரும்” என்று காத்திருக்கக் கூடாது. அந்தப் பிள்ளைக்கு முன்கூட்டியே மருந்து தொடங்க வேண்டும்.

நெற்றியில் மட்டும் பொடிப்பொடியாக வருகிறதா? தலைக்கு வைக்கும் எண்ணெயைப் பாருங்கள். வெயிலில் உருகி நெற்றிக்கு வழிந்து மயிர்க்கால்களை அடைக்கும். எண்ணெய் வைக்காதே என்று நான் சொன்னால் ஆச்சிமார் என்னோடு சண்டைக்கு வருவார்கள். இரவில் வைத்துக் காலையில் அலசட்டும், நெற்றிக்கு இறங்காமல் பார்த்துக்கொள்ளட்டும். விசைப்படகில் எஞ்சின் பார்க்கிற தம்பிமாருக்கு வேறு எண்ணெய். டீசலும் கிரீசும் ஊறிய கைலியோடு நாள் முழுக்க இருந்தால் தொடையிலும் முன்கையிலும் கருப்பு முனைகளும் கொப்புளங்களும் வரும். இதற்கு முகப்பரு மருந்து பூசுவதைவிட முதலில் செய்ய வேண்டியது, கரைக்கு வந்ததும் அந்தத் துணியை மாற்றிச் சோப்புப் போட்டுக் குளிப்பது.

இப்போது டியூபுக்கு வருகிறேன்.

பீட்டாமெத்தசோன், குளோபெட்டசால், மொமெட்டசோன். இந்த மூன்று பெயர்களையும் பிள்ளைகள் குறித்துக்கொள்ளுங்கள். மூன்றும் ஸ்டீராய்டு. கரப்பானுக்கும், சொரியாசிஸுக்கும், ஒவ்வாமைத் தடிப்புக்கும் இவை அருமையான மருந்துகள். நானே தினமும் எழுதுகிறேன். மருந்தின்மேல் பழி இல்லை. முகத்தில், பருவுக்கு, கேட்பாரில்லாமல் மாதக்கணக்கில் பூசுவதில்தான் கேடு இருக்கிறது. முதல் வாரம் ரத்தக்குழாய்கள் சுருங்கும், சிவப்பு மறையும், தோல் வெளுக்கும். அந்த அம்மா சொன்ன “பளிச்” அதுதான். வீட்டில் எல்லோரும், “என்னடி போடுற?” என்று கேட்பார்கள். தங்கைக்கும் சித்திக்கும் அதே டியூப் போகும். நாலைந்து வாரத்தில் தோல் மெலியத் தொடங்கும். பிறகு ஸ்டீராய்டே தனியாகப் பருவை உண்டாக்கும். நிறுத்தினால் முகம் நெருப்பாக எரிந்து சிவக்கும். அந்த எரிச்சல் தாங்காமல் மறுபடியும் பூசுவார்கள். உடனே அடங்கும். விட முடியாத பழக்கமாக ஆகிவிடும்.

ஏதோ ஒரு வீட்டுக் கதை என்று நினைக்காதீர்கள். 2011இல் வெளியான ஓர் ஆய்வு சொல்கிறது. நாட்டின் 12 தோல் மருத்துவ மையங்களுக்கு முகத்தோல் கோளாறோடு வந்த 2926 பேரில் 433 பேர் முகத்தில் ஸ்டீராய்டு பூசிக்கொண்டிருந்தார்கள். நூற்றுக்கு 15 பேர். அந்த 433 பேரில் ஏறக்குறைய கால்வாசிப் பேர் அதைப் பூசியது பருவுக்காக. கால்வாசிக்கும் கூடுதலான பேர் சிவப்பாக வேண்டும் என்று, அல்லது சும்மா பொதுவான கிரீம் என்று நினைத்துப் பூசினார்கள். பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு அதைச் சொல்லிக்கொடுத்தது மருத்துவர் அல்ல. அவர்களுக்கு வந்த கேடுகளில் முதலிடம் எதற்கு என்று நினைக்கிறீர்கள்? பரு போன்ற கொப்புளங்களுக்கு. பாதிப் பேருக்கு மேல். வீரியமான ஸ்டீராய்டை அதிகம் பூசியவர்கள் பெருநகரத்துக்காரர்கள் அல்ல, கிராமத்திலும் சிற்றூரிலும் இருப்பவர்கள். நம்மைப் போன்றவர்கள்.

தனி ஸ்டீராய்டு போக, மூன்று மருந்து கலந்த கிரீம் ஒன்றும் உண்டு. ஹைட்ரோகுவினோன், டிரெட்டினாயின், ஸ்டீராய்டு. அதன் மூலக் கலவையை 1975இல் வெளியிட்டவர் ஆல்பர்ட் கிளிக்மன் என்ற அமெரிக்கத் தோல் மருத்துவர். அதில் அவர் வைத்த ஸ்டீராய்டு டெக்சாமெத்தசோன். நோக்கம் முகத்தில் படரும் மங்கு போன்ற கறைகளைப் போக்குவது, அதுவும் மருத்துவர் கண்காணிப்பில். நம் நாட்டில் ஸ்டீராய்டை மாற்றி மொமெட்டசோன் போட்டு, அதே கலவை சிவப்பழகுக் கிரீம்போலக் கடைக்குக் கடை விற்றது. கிளிக்மனைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். பருவுக்கு இன்று உலகம் முழுக்கப் பயன்படும் டிரெட்டினாயினை வளர்த்தெடுத்தவரும் அவர்தான். அந்த ஆராய்ச்சியில் ஒரு பகுதியைப் பிலடெல்பியாவில் ஹோம்ஸ்பர்க் சிறைக் கைதிகளின் முதுகில் செய்தார். அவர்களில் பெரும்பாலோர் கறுப்பின மக்கள். என்ன பூசுகிறார்கள் என்பது முழுமையாகத் தெரியாமல், கொஞ்சம் காசுக்காகத் தங்கள் தோலைக் கொடுத்தவர்கள். 1974இல்தான் அது நின்றது. நம் முகம் தெளிவதற்கு உதவும் மருந்தின் பின்னால் அந்த மனிதர்களின் தோலும் இருக்கிறது. தோல் மருத்துவம் படிக்கிற எவரும் இதை மறக்கக் கூடாது.

இந்தியத் தோல் மருத்துவர்கள் சங்கம் முகத்தில் ஸ்டீராய்டு பூசும் இந்தக் கொடுமைக்கு எதிராகத் தனியாக ஒரு குழுவே அமைத்துப் போராடியது. “ஸ்டீராய்டால் சேதமடைந்த முகம்” என்று இதற்கு ஒரு பெயரைக் கொடுத்ததும் நம் நாட்டு மருத்துவர்கள்தான். பல ஆண்டுகளாக, மாத்திரையாக விற்றால் மருத்துவர் சீட்டு வேண்டும், அதே மருந்தைப் பூசும் கிரீமாக விற்றால் விலக்கு என்ற நிலை இருந்தது. 2018 மார்ச்சில் மத்திய அரசு 14 வகை ஸ்டீராய்டுப் பூச்சுகளை அட்டவணை எச் என்னும் பட்டியலுக்குள் கொண்டுவந்தது. இனி மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது. சட்டம் வந்துவிட்டது. அந்தப் பதினோராம் வகுப்புப் பெண் வந்தது அந்தச் சட்டம் வந்த பிறகுதான். டியூபின் மேல் ஆங்கிலத்தில், பொடி எழுத்தில், பதிவு பெற்ற மருத்துவரின் சீட்டின்றி விற்கக் கூடாது என்று அச்சிட்டிருந்தது. பாசி எடுக்கிற அம்மாவால் அதை எப்படிப் படிக்க முடியும்? படிக்க வேண்டியவர் விற்றவர்.

சரி, எதுதான் பருவுக்கு மருந்து?

முதல் வரிசையில் இரண்டு பூச்சுகள். அடாபலின், பென்சாயில் பெராக்சைடு. அடாபலின் வைட்டமின் ஏ வழிவந்தது. மயிர்க்காலின் வாயில் செல்கள் ஒட்டி அடைக்காமல் பார்த்துக்கொள்ளும். மணலை அள்ளும் வேலை அதற்கு. பென்சாயில் பெராக்சைடு அந்த நுண்ணுயிரைக் கொல்லும். பருவின் உச்சியில் மட்டும் பொட்டு வைப்பதுபோல வைத்தால் பயன் இல்லை. இன்று தெளிவாகத் தெரியும் தோலுக்கு அடியில் அடுத்த மாதத்துப் பரு அடைபட்டுக்கொண்டிருக்கிறது. ஆகவே ஒரு பட்டாணி அளவு அடாபலினை எடுத்து, இரவில், முகம் முழுவதும் மெல்லிசாகத் தடவ வேண்டும். கண்ணோரம், மூக்கோரம், உதட்டோரம் விட்டுவிட வேண்டும். பென்சாயில் பெராக்சைடில் இரண்டரை சதவீதமே போதும். வீரியம் கூடினால் எரிச்சல்தான் கூடும். அது துணியின் சாயத்தை வெளுக்கும், கல்யாணப் பட்டுச் சேலையோடு பூசாதீர்கள். வெளுத்த துப்பட்டாவைக் கொண்டுவந்து என்னிடம் காட்டி நியாயம் கேட்டவர்கள் உண்டு.

முதல் இரண்டு மூன்று வாரம் தோல் காயும், லேசாக உரியும். சிலருக்குப் பரு கொஞ்சம் கூடியதுபோலக்கூடத் தெரியும். பாதிப் பேர் இந்த இடத்தில்தான் மருந்தை விட்டுவிட்டு அந்த “பளிச்” டியூபுக்குப் போகிறார்கள். இந்த ஊருக்கு நான் எடுத்துச் சொல்ல ஒன்று இருக்கிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகைக் கரையில் கட்டிப்போட்டுக் காத்திருக்கிறீர்கள். மீன் பெருகட்டும் என்று. வருமானம் இல்லாமல், வட்டிக்கு வாங்கி, பொறுத்திருக்கிற ஊர் இது. பரு மருந்துக்கும் ஏறக்குறைய அதே காலம்தான். எட்டு வாரம். முழுப் பலன் தெரிய பன்னிரண்டு வாரம். அந்த நாட்களைப் பல்லைக் கடித்துக்கொண்டு கடந்துவிட்டால் தோல் திரும்பிவிடும்.

சிவப்பும் சீழும் அதிகமாக இருந்தால் டாக்ஸிசைக்ளின் போன்ற மாத்திரையை மூன்று மாதத்துக்குள் முடிகிற மாதிரி எழுதுவோம். பூச்சோடு சேர்த்துத்தான். தனியாக மாத்திரையை மட்டும் விழுங்கினால் நுண்ணுயிர் அதற்குப் பழகிவிடும். அந்த மாத்திரையை நிறையத் தண்ணீரோடு விழுங்கி, உடனே படுக்காமல் இருக்க வேண்டும், இல்லையென்றால் உணவுக்குழாயில் புண் வரும். வெயில் பட்டால் தோல் சீக்கிரம் கருகும். கருவாடு காயப்போடுகிறவர்கள், கடலுக்குப் போகிறவர்கள் மருத்துவரிடம் தங்கள் வேலையைச் சொல்லிவிட வேண்டும். பள்ளியில் வாரம் ஒரு நாள் இரும்புச்சத்து மாத்திரை தருகிறார்கள் அல்லவா? அதையும் இதையும் ஒன்றாக விழுங்கினால் இரும்பு இந்த மருந்தை உடம்பில் சேரவிடாது. சில மணி நேரம் இடைவெளி விடுங்கள். இந்தச் சின்ன விஷயத்தை யாரும் சொல்லாததால் மருந்து வேலை செய்யவில்லை என்று வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். கர்ப்பிணிகளுக்கு இந்த மாத்திரை கூடாது.

பெண்பிள்ளைக்குத் தாடையோரம் விடாமல் கட்டி வருகிறது, மாதவிலக்கு இரண்டு மூன்று மாதம் தள்ளித் தள்ளிப் போகிறது, மீசையும் தாடியும் அரும்புகிறது என்றால் அது வெறும் பரு இல்லை. சினைப்பை நீர்க்கட்டி என்று பரவலாகச் சொல்லப்படும் பிசிஓஎஸ்ஸாக இருக்கலாம். ரத்தம் பார்க்க வேண்டும், ஸ்கேன் பார்க்க வேண்டும். “கல்யாணம் ஆனா சரியாயிரும்” என்று தாய்மார்கள் சொல்லாதீர்கள். ஆகாது.

ஆழமான கட்டிகளும் குழித் தழும்புகளும் விழுகிற கடும் பருவுக்கு ஐசோட்ரெட்டினாயின் என்று ஒரு மாத்திரை இருக்கிறது. 1982இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. பரு மருத்துவத்தில் அதற்கு இணையான மருந்து இன்றுவரை இல்லை. எண்ணெய்ச் சுரப்பியையே சுருக்கிவிடும். பலருக்கு ஐந்தாறு மாதத்தில் பரு மறுபடி வராமலே போய்விடும். உதடு வெடிக்கும், கண் காயும், ரத்தப் பரிசோதனை வேண்டும், மனச்சோர்வு தெரிந்தால் உடனே சொல்ல வேண்டும். எல்லாவற்றையும்விட முக்கியம், கர்ப்பமாக இருக்கும்போது இதைச் சாப்பிட்டால் வயிற்றுப் பிள்ளை கடுமையான ஊனத்தோடு பிறக்கக்கூடும். மாத்திரையை நிறுத்திக் குறைந்தது ஒரு மாதம் வரையிலும் கர்ப்பம் தரிக்கக் கூடாது. தோழி சாப்பிட்டாள், குணமானாள் என்று மீதி மாத்திரையை இரவல் வாங்கிச் சாப்பிடும் பழக்கம் கல்லூரி விடுதிகளில் இருக்கிறது. தயவுசெய்து வேண்டாம்.

வீட்டு வைத்தியம் கேட்பீர்கள். கஸ்தூரி மஞ்சள், சந்தனம், பயத்தமாவு இவை முகத்துக்கு இதமாக இருந்தால் பூசிக்கொள்ளுங்கள், நான் தடுக்கவில்லை. அடைப்பை அவை திறக்காது என்பதை மட்டும் தெரிந்துகொள்ளுங்கள். எலுமிச்சம்பழச் சாறு பூசிக்கொண்டு வெயிலில் போகாதீர்கள், தோல் வெந்து கருத்துவிடும். பூண்டை நசுக்கித் தேய்க்காதீர்கள், சுட்ட புண் வரும். பற்பசை பல்லுக்கு.

பரு ஆறிய இடத்தில் கருப்புக் கறை நிற்கும். நம் போன்ற மாநிறத்துக்கும் கறுப்புக்கும் அது கூடுதலாகத் தெரியும், மாதக்கணக்கில் இருக்கும், பிறகு தானாக மங்கும். வெயில் படாமல் பார்த்துக்கொண்டால் சீக்கிரம் மங்கும். இந்தக் கறைக்குப் பயந்துதான் பெரும்பாலானவர்கள் வெளுப்பாக்கும் கிரீமுக்குப் போகிறார்கள். பிள்ளைகளே, உங்கள் நிறம் நோய் அல்ல. அதற்கு மருந்து தேடாதீர்கள். பருவுக்குத் தேடுங்கள்.

அந்தப் பெண் என்ன ஆனாள் என்று கேட்கத் தோன்றும். டியூபை ஒரே நாளில் நிறுத்தவில்லை, வீரியம் குறைந்ததற்கு மாற்றிப் படிப்படியாகக் குறைத்தோம். எரிந்த இரவுகளில் ஈரத்துணியை முகத்தில் போட்டுக்கொண்டு அந்த அம்மா பக்கத்தில் உட்கார்ந்திருந்தாராம். எட்டு மாதம் ஆயிற்று. முகம் தெளிந்தது. கன்னத்தில் ரத்தக்குழாய் தெரிவது மட்டும் இன்னும் இருக்கிறது.

இராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இங்கிருந்து 40 கிலோமீட்டருக்கு மேல். ஒரு நாள் கூலி போகும், பஸ் செலவு ஆகும், தெரியும். தெரிந்தும் சொல்கிறேன், மெடிக்கல் கவுண்டரில் பருவுக்கு ஆயின்மெண்ட் கேட்காதீர்கள். தோல் மருத்துவரிடம் போங்கள். ஏற்கெனவே ஏதாவது பூசிக்கொண்டிருந்தால் பயந்து தூக்கி எறியவும் வேண்டாம், சட்டென்று நிறுத்தவும் வேண்டாம், வெட்கப்பட்டு மறைக்கவும் வேண்டாம். என்ன பூசினீர்கள் என்று தெரிந்தால்தான் எங்களால் சரியாக வைத்தியம் பார்க்க முடியும். வரும்போது அந்த டியூபைக் கையோடு எடுத்து வாருங்கள்.